பேரூராட்சியில் ஆள் சேர்த்ததால் யாருக்கு என்ன கிடைத்தது: கொங்கு நாட்டு ஊர் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வில் வரும் பேரூராட்சி திருப்பூரிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்திற்குள் போய்ச் சேரக்கூடிய ஊர். சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் அதே அலுவலகத்திலும் அதே தெருக்களிலும் இருப்பதால் ஊரின் பெயரையோ ஆட்களின் பெயரையோ குறிப்பிடவில்லை. உள்ளாட்சி நிதித் தணிக்கையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அங்குள்ள செயல் அலுவலர் கேட்டுக்கொண்டதன் பேரில் வரவு செலவுக் கணக்குகளையும் பணியாளர் பதிவேடுகளையும் பார்த்தேன். பணியாளர்கள் சிலரிடமும் மன்ற உறுப்பினர்கள் சிலரிடமும் தொழில் நடத்துவோரிடமும் பேசினேன்.

ஊரைச் சுற்றித் தென்னந்தோப்புகள், கொப்பரைக் களங்கள், அரிசி ஆலைகள். ஊருக்குள் வீட்டு முன்னறையில் நான்கைந்து தையல் இயந்திரங்களைப் போட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் யூனிட்டுகள். காலை ஏழரை மணிக்குக் கம்பெனி வேன்கள் வந்து ஆட்களை ஏற்றிப் போகும். ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாட்களில் அவர்கள் வீடு திரும்ப இரவு ஒன்பதரை ஆகிவிடும். வேலையே இல்லை என்று சொல்ல முடியாத ஊர் இது. ஆள் கிடைக்காமல் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களை லைன் வீடுகளில் தங்கவைத்து இயந்திரங்களை ஓட்டுகிற ஊர். அப்படிப்பட்ட இடத்தில் உள்ளாட்சி வேலைகளை அதிகரிக்க வேண்டும் என்ற கோரிக்கை ஏன் எழுந்தது, அதிகரித்தபோது யாருக்குப் பயன் கிடைத்தது என்பதுதான் இங்கே ஆராயப்படுகிறது.

பேரூராட்சியின் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் ஊர் சிறிதாக இருந்த காலத்தில் நிர்ணயிக்கப்பட்டவை. அதன் பிறகு காடுகள் (விளைநிலங்கள்) சைட்டுகளாகி, சைட்டுகள் வீடுகளாகிவிட்டன; பணியிடங்கள் கூடவில்லை. ஓய்வு பெற்றவர்களின் இடங்களும் பல ஆண்டுகள் காலியாகவே கிடந்தன. புதிதாக ஒரு பணியிடத்தை உருவாக்கும் அதிகாரம் மன்றத்திற்குக் கிடையாது. பேரூராட்சிகள் இயக்குநரகத்தின் வழியே அரசு அனுமதிக்க வேண்டும். 2016 அக்டோபரில் முந்தைய மன்றத்தின் காலம் முடிந்தபின் தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிகள் அனைத்தும் தனி அலுவலர்களின் கையில் இருந்தன. 2022 பிப்ரவரியில்தான் மீண்டும் தேர்தல் நடந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வாய் திறக்க ஓர் அவை இல்லாதிருந்த ஊரில், புதிய மன்றத்தின் முதல் கூட்டங்களிலேயே இந்தக் கோரிக்கை வந்ததில் வியப்பில்லை.

கோரிக்கை எழுந்த விதம்

நூறு நாள் வேலைத் திட்டம் 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊரகப் பகுதிகளுக்கு மட்டும் உரியதாக இருந்தது. பேரூராட்சி நகர்ப்புற உள்ளாட்சி என்பதால் இங்கே அது கிடைக்கவில்லை. தார்ச் சாலைக்கு அந்தப் புறம் உள்ள ஊராட்சியில் நூறு நாள் வேலை இருந்தது, இந்தப் புறம் இல்லை; 2024-25-இல் அந்த வேலைக்குத் தமிழ்நாட்டில் நாளொன்றுக்கு நிர்ணயிக்கப்பட்ட கூலி ரூ.319. இரு பக்கத்துப் பெண்களும் ஒரே கோவில் நோன்புக்கு வருகிறவர்கள், ஒரே ரேஷன் கடையில் வரிசையில் நிற்கிறவர்கள் என்பதால் இந்த வேறுபாடு அவர்களை உறுத்தியது. மாநில அரசு முன்னோட்டமாகத் தொடங்கிய நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டத்திலும் இந்த ஊர் இடம்பெறவில்லை.

மன்றத்தில் பெரும்பான்மையோர் வார்டுக்கு ஒருவர் என்று பதினைந்து பேரைச் சேர்க்க வேண்டும் என்றனர். பெயர்ப் பட்டியல்கூடச் சிலர் கையில் தயாராக இருந்தது. எதிர்த்தவர் ஒருவர்தான், அவரே ஒரு பனியன் யூனிட் நடத்துகிறவர். ஏற்கெனவே இயந்திரத்தில் உட்கார ஆள் இல்லாதபோது பேரூராட்சியும் ஆட்களை இழுத்துக்கொண்டால் ஊரின் தொழில் படுத்துவிடும் என்பது அவர் வாதம். சொந்த நலன் கலந்த வாதம்தான் என்றாலும், கைகள் பற்றாக்குறையாக உள்ள ஊரில் அரசு ஆள் சேர்த்தால் தனியார் தொழில் சுருங்கும் என்ற பொருளியல் கேள்வி அதில் இருந்தது. செயல் அலுவலர் அதை ஒதுக்கித் தள்ளாமல், முடிவெடுப்பதற்கு முன் மூன்று மாத அவகாசம் கேட்டார்.

அவகாசத்தில் கண்டவை

வேலை கேட்டு மனு கொடுத்தவர்கள் யார் என்று முதலில் பார்க்கப்பட்டது. பெரும்பாலோர் நாற்பது வயதைக் கடந்த பெண்கள். முன்பு பனியன் கம்பெனியில் செக்கிங்கிலும் கைமடியிலும் இருந்தவர்கள். படுத்த படுக்கையான மாமியார், பள்ளிக்குப் போகும் பேரன், விபத்தில் கால் ஒடிந்த கணவர் என ஏதோ ஒரு காரணத்தால் வேனில் ஏறிப் போய் இரவில் திரும்ப முடியாதவர்கள். கம்பெனியில் கிடைக்கும் வாரச் சம்பளம் பேரூராட்சி தரக்கூடியதைவிட அதிகம் என்பது அவர்களுக்கே தெரியும். ஊருக்குள்ளேயே, பிற்பகலில் முடிந்துவிடுகிற வேலை என்பதுதான் அவர்கள் கேட்டது. இயந்திரத்திலிருந்து எழுந்து வரக்கூடியவர்கள் மனுதாரர்களில் மிகச் சிலரே.

அடுத்தது தண்ணீர். கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் ஆற்றுத் தண்ணீர் வருகிறது. பேரூராட்சி எடுக்கும் அளவுக்கேற்பக் குடிநீர் வடிகால் வாரியத்திற்குக் கட்டணம் செலுத்த வேண்டும். வழியில் கசிந்து போகும் தண்ணீருக்கும் சேர்த்தே பணம் போகிறது. தண்ணீர் திறந்துவிடும் பணியாளர் ஒருவரே ஊர் முழுவதற்கும் வால்வுகளைத் திருப்பிக்கொண்டிருந்தார். உடைப்பைத் தேடிப் பார்க்க அவருக்கு நேரமில்லை. எந்தத் தெருவுக்கு என்றைக்கு, எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும் என்பது அவருக்கு மட்டுமே தெரிந்த சங்கதி. ஆற்றுத் தண்ணீர் வரும் நாளில் பிடித்துவைக்க வீட்டில் ஒருவர் இருந்தாக வேண்டும், அந்த நாள் எதுவென்று தெரியாததால் ஊரில் எத்தனையோ பெண்கள் ஷிப்டை விட்டுக் காத்திருந்தார்கள். இது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. மனு கொடுக்க வந்தவர்களின் பேச்சில்தான் தெரிந்தது.

மூன்றாவது வரி. சொத்து வரி கட்டடத்தின் பரப்பையும் பயன்பாட்டையும் பொறுத்தது. 2022 ஏப்ரலில் மாநிலம் முழுவதும் வரி சீராய்வு அறிவிக்கப்பட்டபோதும், இந்த ஊரின் கேட்புப் பதிவேட்டில் (யார் எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்ற பதிவேடு) மேல்தளம் எடுத்த வீடுகள் ஒற்றைத் தளமாகவும், யூனிட் ஓடும் வீடுகள் வெறும் குடியிருப்பாகவும்தான் இருந்தன. நேரில் போய் நாடா பிடித்து அளக்க ஆள் இல்லை. ஒரே வரித்தண்டலர் இருந்தார். அவருக்கு வசூலே சுமை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பதினைந்து பேர் என்ற எண்ணிக்கை கைவிடப்பட்டு, பதினொரு பேர் என்று முடிவானது: தூய்மைப் பணிக்கு ஏழு பேர், குழாய்ப் பராமரிப்புக்கு ஃபிட்டர் இருவர், கட்டட அளவீட்டுக்கு இருவர். வார்டுவாரிப் பங்கீடு கிடையாது. உறுப்பினர்களின் பட்டியல்களை அப்படியே பெற்றுக்கொண்டு, அவற்றில் இருந்தவர்களையும் மற்றவர்களோடு சேர்த்து மனுதாரர்களாகவே செயல் அலுவலர் கருதினார். அவரிடம் நான் கண்ட நிர்வாகத் திறமைகளுள் இது முக்கியமானது. பட்டியலைத் திருப்பிக் கொடுத்திருந்தால் தீர்மானமே நிறைவேறியிருக்காது.

பணம் எங்கிருந்து வரும் என்பதில்தான் அதிக விவாதம் நடந்தது. பதினைந்தாவது நிதிக்குழு மானியம் இருக்கிறதே என்று சிலர் கேட்டனர். அந்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டுண்டிருந்தது. எஞ்சிய அடிப்படை மானியத்தைச் சம்பளத்திற்கோ அலுவலக நிர்வாகச் செலவுக்கோ பயன்படுத்தக் கூடாது என்றிருந்தது. மாநில நிதிக்குழுப் பகிர்வு வருவதற்கு முன்பே ஏற்கெனவே உள்ள கடப்பாடுகள் அதில் வரிசையில் நிற்கின்றன. ஆகவே புதியவர்களின் சம்பளம் பொது நிதியிலிருந்து, அதாவது ஊர் மக்கள் கட்டும் வரியிலிருந்துதான் வர முடியும். கணக்குக்கு எளிதாக மாதம் ரூ.10,000 சம்பளம் என்று வைத்துக்கொண்டால், வேலை கொடுப்பவரின் பங்காக பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) வகையில் 13 விழுக்காடும் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) வகையில் 3.25 விழுக்காடும் சேர்ந்து ஓர் ஆளுக்கு ரூ.11,625 ஆகும், பதினொரு பேருக்கு ஆண்டுக்கு ரூ.15,34,500. ஆள் அனுப்பும் அமைப்பின் சேவைக் கட்டணம் இதற்கு மேல். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டிய பிறகுதான், அளவீட்டுக்கு இரண்டு பேர் என்ற யோசனையை எதிர்த்தவர்கள் அடங்கினார்கள். தங்கள் வீட்டையும் அளப்பார்களே என்பதுதான் அந்த எதிர்ப்பின் அடிப்படை.

நிரந்தரப் பணியிடம் கிடையாது என்பதால், மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டமைப்பு ஒன்றின் மூலம் ஒப்பந்த முறையில் ஆட்கள் எடுக்கப்பட்டனர். தற்காலிகமாக எடுக்கப்பட்டவர் அந்தக் காரணத்தாலேயே நிரந்தரம் கோரும் உரிமை பெறுவதில்லை என்று உமாதேவி வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதை எல்லோரிடமும் முதல் நாளிலேயே தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். அப்படியும், பின்னால் நிரந்தரம் ஆகிவிடும் என்ற நம்பிக்கையை எந்தக் கையெழுத்தும் அழிக்கவில்லை. மாப்பிள்ளைக்கு அரசு வேலையா என்று முதலில் கேட்கப்படும் நாட்டில் அதை எதிர்பார்க்கவும் கூடாது.

இன்னொரு முடிவைத் தனியே சொல்ல வேண்டும். கொங்கு ஊர்களில் தூய்மைப் பணிக்கு ஆட்கள் பெரும்பாலும் அருந்ததியர் குடியிருப்புகளிலிருந்தே வருகிறார்கள். உள்ளாட்சி வேலைகளைப் பெருக்குவது என்றால், யோசிக்காமல் செய்தால், அதே தெருவின் கையில் இன்னும் ஏழு துடைப்பங்களைக் கொடுப்பதாகவே முடியும். அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2009-இல் சட்டமானதையும், அந்தத் தெருவில் படித்த பிள்ளைகள் இருப்பதையும் சுட்டிக்காட்டி, அளவீட்டுப் பணி இரண்டில் ஒன்றையாவது அங்கிருந்து நிரப்ப வேண்டும் என்று உறுப்பினர் ஒருவர் வலியுறுத்தினார். ஏற்கெனவே தூய்மைப் பணியில் இருந்த ஒருவரின் மகள், பட்டதாரி, அப்படி வந்தவர்தான். அவர் நாடாவுடன் சில வீட்டு வாசல்களில் நின்றபோது உள்ளே வர வேண்டாம், வெளியிலிருந்தே அளந்துகொள்ளச் சொன்னவர்கள் உண்டு. உட்புற அளவு இல்லாத வீட்டுக்கு அதிகபட்சப் பரப்பை எழுதி அறிவிப்பு அனுப்பப்படும் என்று செயல் அலுவலர் தெரிவித்ததும் கதவுகள் திறந்தன.

தூய்மைப் பணியாளர்களுக்குக் காலை ஒரு நேரம், மாலை ஒரு நேரம் என்று பிரித்து வேலை தருவது வழக்கம். அது கைவிடப்பட்டுக் காலை ஆறு முதல் பிற்பகல் இரண்டு வரை ஒரே வேளையாக மாற்றப்பட்டது. செலவில்லாத இந்த மாற்றத்தைத்தான், சம்பளத்தைவிடவும், பணியாளர்கள் என்னிடம் அதிகம் சொன்னார்கள்.

பிடித்தம் வந்து சேராத மாதங்கள்

பணி தொடங்கிய சில மாதங்களில் தூய்மைப் பணியாளர் ஒருவர் செயல் அலுவலரின் அறைக்கு வந்து தன் கைப்பேசியை மேசையில் வைத்தார். முன்பு கம்பெனியில் இருந்தபோது மாதாமாதம் பி.எஃப். செய்தி வரும், இப்போது வருவதில்லை என்பது அவர் முறையீடு. "சம்பளத்துல பிடிக்கறீங்க சார், மெசேஜ் மட்டும் வர்றதில்லீங்க." சம்பளச் சீட்டில் 12 விழுக்காடு பி.எஃப்., 0.75 விழுக்காடு ஈ.எஸ்.ஐ. எனப் பிடித்தம் ஒழுங்காக இருந்தது. ரூ.10,000-க்கு ரூ.1,275 கழிந்து ரூ.8,725 கையில் போகிறது. கழித்த தொகையும் பேரூராட்சி கொடுத்த பங்கும் அலுவலகங்களுக்குச் செலுத்தப்படவில்லை. ஆள் அனுப்பிய அமைப்பு அந்தப் பணத்தை வேறு இடத்துச் சம்பளத்திற்குச் சுழற்றியிருந்தது.

ஒப்பந்ததாரர் செலுத்தத் தவறினால் முதன்மை வேலை அளிப்பவரே பொறுப்பு என்பது அப்போதிருந்த பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. சட்டங்கள் இரண்டிலும் இருந்த விதி. பேரூராட்சி முதலில் அமைப்பின் அடுத்த பில்லுக்கான தொகையை நிறுத்திவைத்தது. அதனால் அந்த மாதச் சம்பளமும் நின்று, தண்டனை பணியாளர்களுக்கே போயிற்று. ஒரு வாரத்தில் முறை மாற்றப்பட்டது: சம்பளப் பகுதி பணியாளர் வங்கிக் கணக்குக்கு உடனே போக வேண்டும், முந்தைய மாதச் சலானும் (பிடித்தத் தொகையைக் கட்டிய ரசீது) ஆள்வாரி விவரமும் இணைக்கப்படாவிட்டால் சேவைக் கட்டணமும் பங்களிப்புத் தொகையும் மட்டும் நிற்கும். நிலுவை ஆறு வாரத்தில் கட்டப்பட்டது. முறையிட்டவரின் கணவருக்குப் பின்னர் காலில் மறு அறுவை செய்தபோது ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில்தான் செய்தார்கள். நிலுவை கட்டப்படாமல் இருந்திருந்தால் அந்த அட்டை வெறும் அட்டைதான். இந்த ஊரில் ஜாப் ஒர்க் யூனிட்டுகளில் தைக்கும் பலருக்கு அந்த அட்டையும் இல்லை.

ஊர்ப் பொருளாதாரத்தில் நிகழ்ந்தவை

அரசு சம்பளம் கொடுத்தால் அந்தப் பணம் ஊர்க்கடைகளில் புரண்டு பலருக்கு வருமானமாகும் என்று சொல்லப்படுவதுண்டு. இந்த ஊரில் அது நடந்தது, ஆனால் சிறிதளவுதான். பணியாளர்களிடம் பேசியதில், மளிகைக் கடை நோட்டுக் கடன் அடைந்தது. காய்கறி, சந்தை, பால் என ஊருக்குள் கொஞ்சம் தங்கியது. கணிசமான பகுதி குழு லோன் வாரத்தவணையாக வெளியூர் நிதி நிறுவனங்களுக்குப் போயிற்று. துணியும் மருந்தும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் வாங்கப்பட்டன. பெருநகரத்தின் பக்கத்தில் இருக்கும் சிற்றூரில் பணம் தங்கி நிற்பதில்லை. பதினொரு சம்பளத்தால் கடைவீதி செழித்தது என்று எழுதினால் அது மிகை.

பெரிய விளைவு எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. ஃபிட்டர் இருவரும் பழைய பணியாளரை உடன் அழைத்துக்கொண்டு வால்வுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, எங்கே எந்தக் குழாய் பிரிகிறது என்று வரைபடம் எழுதினார்கள். அதுவரை அப்படி ஒன்று அலுவலகத்தில் இருந்ததில்லை. சாக்கடைக்கு அடியிலும் பாலத்தின் ஓரத்திலும் நெடுநாள் கசிவுகள் கண்டுபிடிக்கப்பட்டன. தண்ணீர் விடும் இடைவெளி குறைந்தது. அதைவிட முக்கியமாக, தெருவாரியாக நாளும் நேரமும் அச்சிட்டு ரேஷன் கடையிலும் கோவில் சுவரிலும் ஒட்டப்பட்டது. மாறினால் முந்தைய நாளே வாட்ஸாப்பில் தெரிவிக்கப்பட்டது. நாள் தெரிந்ததும், பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவைத்துவிட்டுப் பெண்கள் வேலைக்குப் போனார்கள். ஆள் சேர்ப்பை எதிர்த்த யூனிட் உரிமையாளரே தன்னிடம் காரணம் சொல்லாமல் வேலைக்கு வராமல் நின்றுவிடுபவர்கள் குறைந்துவிட்டார்கள் என்றார். லைன் வீடுகளுக்கு டேங்கர் தண்ணீர் வாங்குவதும் அவருக்குக் குறைந்தது. அவரிடமிருந்து பேரூராட்சிப் பணிக்கு வந்தவர் ஒருவர்தான். ஆட்களை இழுத்துவிடும் என்று அவர் அஞ்சிய ஏற்பாடு, இருந்த ஆட்களை ஒழுங்காக வேலைக்கு வர வைத்திருக்கிறது.

அளவீட்டில் வரிக் கேட்பு உயர்ந்தது. முணுமுணுப்பும் உயர்ந்தது, உறுப்பினர் சிலரின் வீடுகளே மறுமதிப்பீட்டில் வந்ததால் ஒரு கூட்டம் வெளிநடப்பில் முடிந்தது. இருந்தாலும் முதல் ஆண்டு முடிவில், கூடுதல் வசூல் அளவீட்டாளர் இருவரின் செலவை மட்டுமன்றி ஃபிட்டர்களின் செலவையும் தாங்கியது. தூய்மைப் பணியாளர்களின் செலவை அது தாங்கவில்லை. தாங்க வேண்டும் என்றும் நான் கருதவில்லை. சாக்கடை அள்ளுவது வருமானம் தரும் பணி அன்று.

குறையாகவே நின்றது வளம் மீட்புப் பூங்கா. மக்கும் குப்பையை உரமாக்கி விற்று, பிரிக்கும் வேலைக்கு இன்னும் சிலரைச் சேர்க்கலாம் என்று திட்டமிட்டிருந்தார்கள். வீடுகளில் தரம் பிரிப்பது 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளில் கட்டாயமாக இருந்தபோதும், பேட்டரி வண்டிக்கு வந்தது கலந்த குப்பைதான். பிளாஸ்டிக் துணுக்கு கலந்த உரத்தை, ஆட்டுப்பட்டி போட்டுப் பழகிய காட்டுக்காரர்கள் இலவசமாகக்கூட எடுக்கவில்லை.

இரண்டாம் ஆண்டு

இரண்டாம் ஆண்டில் மின்கட்டண நிலுவையும் குடிநீர் வாரிய நிலுவையும் மாநிலப் பகிர்வில் பிடிக்கப்பட்டதால் பொது நிதி இறுகியது. அதே நேரத்தில் உறுப்பினர்கள் மீண்டும் வார்டுக்கு ஒருவர் என்று கேட்டனர். மன்றம் புதிதாக யாரையும் எடுக்கவில்லை. அளவீட்டுப் பணியில் இருந்த இளைஞர் பெருந்துறை சிப்காட்டில் ஒரு நிறுவனத்திற்குப் போய்விட்டார். அளக்க வேண்டியவற்றில் பெரும்பகுதி முடிந்திருந்ததால் அந்த இடம் நிரப்பப்படவில்லை. அந்தப் பட்டதாரிப் பெண் குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டே தொடர்ந்தார். அந்தத் தேர்வின் பதவிகளில் வரித்தண்டலரும் ஒன்று என்பதால், செய்து பழகிய வேலைக்கே அவர் விண்ணப்பிக்கிறார். தூய்மைப் பணியாளரில் இருவர் உடல்நலக் குறைவால் விலகி, வேறு இருவர் வந்தனர்.

சம்பளம் ஒரு முறை இருபது நாள் தாமதமானது. அந்த இடைவெளியில் ஒருவர் தண்டல்காரரிடம் வாங்கிய கடன், ஆண்டு முழுவதும் கிடைத்த நன்மையில் பெரும்பகுதியைக் கொண்டுபோயிற்று. தனிமனிதருக்கு உள்ளாட்சி வேலையின் மதிப்பு தொகையில் குறைவு, உறுதியில் அதிகம். உறுதி போனால் பனியன் கம்பெனியின் சனிக்கிழமைச் சம்பளமே மேல்.

மாற்ற வேண்டியவை

முதலில் அளவீட்டாளர்களையும் ஃபிட்டர்களையும் எடுத்து, அரையாண்டு வசூலைப் பார்த்துவிட்டு, அதன் பிறகு தூய்மைப் பணிக்கு ஆள் சேர்த்திருக்கலாம் என்பது செயல் அலுவலரின் கருத்து. அவருடன் நான் முழுதும் உடன்படவில்லை. தெருவில் குப்பை கிடக்கும்போது வரியை உயர்த்தும் அறிவிப்பை மட்டும் வீட்டுக்கு அனுப்பினால் வசூலும் நடந்திராது. ஆனால் மூன்று மாதச் சம்பளத்தை முன்கூட்டியே தனிக் கணக்கில் ஒதுக்கிவைத்த பிறகே ஆள் எடுக்க வேண்டும் என்பதில் எங்களுக்குள் வேறுபாடில்லை. சலான் இணைக்கும் நிபந்தனை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே இருந்திருக்க வேண்டும். உரம் செய்யும் பணிக்குச் செலவிட்ட ஆள் நாட்களை வீடு வீடாகத் தரம் பிரித்து வாங்குவதற்குத் திருப்பியிருக்கலாம்.

ஃபிட்டர் இருவரின் பணியை அனுமதிக்கப்பட்ட பணியிடமாக்கக் கோரும் தீர்மானம் இயக்குநரகத்திற்கு அனுப்பப்பட்டிருக்கிறது. ஆள் சேர்ப்பை எதிர்த்த அதே உறுப்பினர்தான் அதை முன்மொழிந்தார். அனுமதி வரும்வரை அவர்கள் ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்கப்படும் ஒப்பந்தத்திலேயே இருக்கிறார்கள். வால்வு வரைபடத்தின் ஒரு நகல் இப்போது அலுவலகப் பதிவறையில் இருக்கிறது.